ஜன்னலம்மா அனுமதித்த கட்டடம்

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயரைச் சொல்லி அந்தச் சதுக்கத்தில் யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஜன்னலம்மா என்று கேட்டால் போதும், பால் குடிக்கிற பிள்ளைகூடக் கை நீட்டிக் காட்டிவிடும். நகரசபையில் பழைய நகரப் பிரிவு என்று ஒன்று இருந்தது. மணிக்கூண்டுச் சதுக்கத்திலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் எவரும் தம் இஷ்டத்துக்கு இடிக்காமல், கட்டாமல், கண்ட நிறத்தையும் பூசாமல் பார்த்துக்கொள்வது அதன் பொறுப்பு. அதில் அவளுக்கு வாய்த்தவை ஜன்னல்கள். மரச்சட்டம் இற்றுவிட்டது, பிளாஸ்டிக் ஜன்னல் வைத்துக்கொள்கிறேன் என்று மனுக் கொடுக்கிறவர்களுக்கு முடியாது என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தலை நரைத்தது.

அதையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்ல மாட்டாள். நேரில் வருவாள். மூச்சு வாங்க மாடியேறி, ஜன்னல் சட்டத்தை விரலால் அழுத்திப் பார்த்து, "கீழ்க்கட்டை மட்டுந்தாங்க இத்துப்போயிருக்கு. அதை மாத்துனாப் போதும், உங்க பேரன் காலத்துக்கும் வரும்" என்பாள். குளிர்காற்றில் காது அடைத்துப்போய் நிற்கும் வீட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் தலை மறைந்ததும் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவார். ஆனாலும் கட்டையை மாற்றுவார். ஊரில் அவளைப் பிடித்தவர்கள் குறைவு. அவள் ஓரவஞ்சனை செய்கிறாள் என்று சொன்னவர்கள் மட்டும் அதுவரை ஒருவரும் இல்லை.

சதுக்கத்தின் மூலையில் அவர்களுடைய வீடு. கீழே தம்பியின் விளக்குக் கடை. முதல் மாடியில் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஒரே மகள். இரண்டாம் மாடியில் அவள். கல்யாணப் பேச்சு வந்த காலத்தில் அம்மா படுக்கையில் கிடந்தாள். அம்மா போன பிறகு கேட்டு வருவதற்கு ஆள் இல்லை. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழுததாக யாரும் பார்த்ததில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் முகம் கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிடுவாள். தம்பி வீட்டு மேஜையில் ஜன்னலோரத்து நாற்காலி அவளுடையது. சாப்பாடு, அரட்டை, மருமகளுக்கு வீட்டுப் பாடம் எல்லாம் அங்கேதான். மாடி என்பது அவளுக்குப் படுக்க மட்டும்.

தம்பிக்கு அவள்மீது ஒரு குறை இருந்தது. கடை வாசலில் விளக்கு எரியும் பெரிய பலகை ஒன்று வைக்க அவன் ஆசைப்பட்டான். அவள் மறுத்துவிட்டாள்.

"விளக்குக் கடைக்கு விளக்கு போட்ட போர்டு கூடாதுன்னா எப்படிக்கா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்டா. உனக்கு விட்டா நாளைக்கு ரொட்டிக் கடைக்காரர் வருவார்."

அவன் அதை விழுங்கிக்கொண்டான். வருகிற வாடிக்கையாளர்களிடம், "எங்கக்கா ஆட்சியில நான் இருட்டுல உக்காந்து விளக்கு விக்கிறேன்" என்று சொல்லிச் சிரிக்கவும் பழகிக்கொண்டான்.

அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு வெற்றிடம் கிடந்தது. ஒரு காலத்தில் அங்கே பெரிய துணிக்கடை இருந்து தீயில் போய்விட்டது. வரிசையாக நின்ற பழைய வீடுகளுக்கு நடுவே முன்பல் விழுந்த வாய் மாதிரி அது பல வருஷம் இளித்துக்கொண்டிருந்தது. கார்களை நிறுத்தினார்கள். மழை பெய்தால் குளம். கடைசியில் ஒரு காப்பீட்டு நிறுவனம் அந்த இடத்தை வாங்கி அலுவலகம் கட்ட விரும்பியது.

முதலில் வந்த வரைபடத்தைப் பார்த்து ஊரே மகிழ்ந்தது. அக்கம்பக்கத்து வீடுகளைப் போலவே சுண்ணாம்புப் பூச்சு, பூவேலை, ஓட்டுக்கூரை, ஜன்னலுக்கு இருபுறமும் மரக்கதவு. அவள் மட்டும் அந்தத் தாளின் மேல் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, கொண்டுவந்தவரிடம் கேட்டாள்.

"இந்த மரக்கதவுங்க மூடுமா?"

"மூடாதும்மா. அழகுக்காக. சுவத்துல ஆணி வெச்சு அடிச்சிருவோம்."

"பூவேலை?"

"அது அச்சுல வார்த்து ஒட்டுறது."

திருப்பி அனுப்பிவிட்டாள். நூறு வருஷத்துக்கு முந்திய ஒருவன் உளி பிடித்துச் செதுக்கியதன் பக்கத்தில் இதை ஒட்டுவது அவனைக் கேலி செய்வது என்று அவளுக்குப் பட்டது. அதை அலுவலகக் குறிப்பில் அப்படி எழுத முடியாது. "ஏற்புடையதன்று" என்று எழுதினாள்.

ஒரு வருஷம் கழித்து வேறொரு கட்டடக் கலைஞன் வந்தான். சின்ன வயசு, பேச்சு குறைவு. அவன் விரித்த தாளில் பூவும் இல்லை, ஓடும் இல்லை. வெறும் கான்கிரீட்டும் கண்ணாடியும். அவளுக்கு முதலில் சப்பென்றிருந்தது. பிறகு மெல்ல மெல்லத்தான் கண்ணுக்குப் பிடிபட்டது. பக்கத்து வீடுகளின் மாடித் தளங்கள் எந்த உயரத்தில் இருந்தனவோ அதே உயரத்தில் இதன் தளங்களும் நின்றன. ஜன்னல்கள் பெரியவை, ஆனால் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள கணக்கு பழைய ஜன்னல்களுடையதே. கடைசி மாடி பின்வாங்கி நின்றதால் சதுக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. கீழ்த்தளம் தூண்களின் மேல் திறந்து கிடந்தது. துணிக்கடையைச் சுற்றிக்கொண்டு போன சந்து இனி அதன் ஊடே நேராகப் போகும். கான்கிரீட்டில் எந்த மணலைக் கலப்பது என்பதைக்கூட அவன் யோசித்திருந்தான். பழைய சுவர்களின் மங்கிய மஞ்சள் வருவதற்காக, காய்ந்த துண்டுகளாக நாலைந்து செய்து பையில் கொண்டுவந்திருந்தான்.

அவள் அந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய், பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். மூன்றாவது துண்டு சுவரோடு ஒன்றிப்போய்விட்டது. அந்த மத்தியானம் அவளுக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. தம்பியிடம் சொல்லலாம் என்று கடைப் பக்கம் போனாள். அவன் ஏணியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாள்.

பிரிவுத் தலைவர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நடப்பவர். "உனக்குப் பிடிச்சிருந்தா நீயே கையெழுத்துப் போட்டுரும்மா. நான் லீவுல இருந்ததா இருக்கட்டும்" என்றார். அவள் போட்டாள்.

செய்தி வெளியே வந்ததும் சதுக்கம் கொதித்தது. நகரசபை மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் வைத்தார்கள். அவள் மேடையில் உட்கார்ந்து எதிரே பார்த்தபோது எல்லாம் தெரிந்த முகங்கள். யார் யாருடைய ஜன்னலையெல்லாம் மறுத்தாளோ அவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் எழுந்து அதைப் பெட்டி என்றார். மருந்துக் கடைக்காரர் அட்டைப் பெட்டி என்றார். அவள் தளத்தின் உயரத்தையும் மணலின் நிறத்தையும் விளக்க முயன்றாள். கூட்டத்துக்கு அது காதில் ஏறவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து தம்பி எழுந்தான். அவன் வந்திருப்பதே அவளுக்குத் தெரியாது.

"மேடம் கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் இந்தச் சதுக்கத்துல விளக்கு விக்கிறவன். ஒரு போர்டு வைக்கக் கேட்டேன். சதுக்கத்தோட அழகு கெட்டுரும்னு மேடம் சொன்னாங்க. சரின்னு இருந்தேன். இப்ப என் கடைக்கு எதுத்தாப்ல ஒரு கட்டடமே போர்டு மாதிரி எரியப்போகுது. அதுக்கு மட்டும் அழகு கெடாதா மேடம்?"

மண்டபம் கைதட்டியது. அவளுக்குப் பதில் இருந்தது. அவன் கேட்ட பலகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அவளால் அரைமணி நேரம் பேசியிருக்க முடியும். ஆனால் தம்பி வாயிலிருந்து "மேடம்" என்று கேட்ட பிறகு அதைப் பேச மனம் வரவில்லை. "கவனத்துல எடுத்துக்கிறோம்" என்றாள். அலுவலகத்தில் யாருக்கும் எதற்கும் சொல்கிற வார்த்தை அது. தம்பியின் முகம் இறுகிப்போனதை அவள் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல முகம் கழுவிக்கொண்டு கீழே இறங்கினாள். கதவைத் திறந்த தம்பி மனைவி விலகி வழிவிடவில்லை.

"அண்ணி… அவர் இப்ப கொஞ்சம் கோவமா இருக்கார். ரெண்டு நாள் போகட்டுமே. நான் சாப்பாட்ட மேல கொண்டாந்து தரேன்."

"பரவால்லம்மா. எனக்கும் பசி இல்ல."

இரண்டு நாள் இரண்டு வாரமாகி, வருஷமாகி விட்டது. பெரிய சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. யாரும் யாரையும் வாசலில் நின்று திட்டிக்கொள்ளவில்லை. மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் தம்பி சுவரோரம் ஒதுங்கி, கையிலிருக்கும் கடைச் சாமானைத் தூக்கிக்கொண்டு போவான். தம்பி மனைவி அவ்வப்போது ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு இறங்கிவிடுவாள். அவள் கிண்ணத்தைக் கழுவி அதே படியில் வைப்பாள்.

மாடி அறைக்குள் தனியாக இருந்து சாப்பிடப் பழகுவது அவள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. மரத்தளம், கீழே நடப்பதெல்லாம் கேட்கும். நாற்காலிகளை இழுக்கும் சத்தம், கரண்டிச் சத்தம், மருமகளின் சிரிப்பு. என்ன ஜோக் என்று மட்டும் தெரியாது. முதலில் ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தாள். பிறகு அதை அணைத்துவிட்டாள். சிரிப்பாவது கேட்கட்டும் என்று இருந்தது.

கட்டடம் எழும்பியது. தூசி பறந்து விளக்குக் கடைக்குள் போனது. தம்பி காலை முதல் மாலை வரை துணியும் கையுமாகக் கண்ணாடிக் கூண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். ரொட்டிக் கடைக்காரர் அவளுக்கு ரொட்டி கொடுத்தார், முகம் மட்டும் கொடுக்கவில்லை. அவள் தினமும் வேலை முடிந்து வருகையில் ஒரு சுற்றுப் போய்ப் பலகை வேலிக்கு இடையே எட்டிப் பார்த்தாள். வார்ப்புப் பலகை பிரித்த கான்கிரீட் ஈரமாகக் கறுத்து நின்றபோது நிறம் தப்பிவிட்டதோ என்று பயந்தாள். காய்ந்து மஞ்சள் ஏறியதும் உயிர் வந்தது. ஆனாலும் சில நாட்களில் சதுக்கத்தின் நடுவில் நின்று நிமிர்ந்து பார்த்தால் அவளுக்கே அது பெட்டியாகத் தெரிந்தது. அந்த நாட்களில் வீட்டுக்குப் போகும் படிகள் கூடிப்போனது போல இருக்கும்.

கட்டடக் கலைஞன் எப்போதாவது வருவான். வேலை முடியும் தறுவாயில் ஒருநாள் தூணடியில் நின்று இருவரும் தேநீர் குடித்தார்கள்.

"நீங்க இல்லேன்னா இது நடந்திருக்காதுங்க" என்றான்.

"உங்களுக்கு இது திருப்திதானே?"

"ம்ம். அந்த மாடிப்படி இன்னும் கொஞ்சம் நல்லா வந்திருக்கலாம். அடுத்த வேலை கடலுக்கு அந்தப் பக்கம். அதுல பாத்துக்கணும்."

அவனுக்கு அது பத்தில் ஒன்று. அவளுக்கு இருந்ததே அது ஒன்றுதான். காலிக் கோப்பைகளை வாங்கிக்கொண்டு அவள்தான் தேநீர்க் கடையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

திறப்பு விழாவுக்கு அழைப்பு பிரிவுத் தலைவருக்குப் போனது. காற்று திரும்பிவிட்டிருந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. "எங்கள் பிரிவு துணிச்சலாக எடுத்த முடிவு" என்று மேடையில் பேசினார். அவள் கூட்டத்தின் கடைசியில் நின்று கைதட்டினாள். அன்று மழை தூறியது. பெட்டி என்று சொன்னவர்களெல்லாம் தூண்களுக்கு அடியில் ஒதுங்கி நின்றார்கள். அடுத்தடுத்த மாதங்களில் சந்தைக்குப் போகிற பெண்கள் அந்த நிழலில் பையை இறக்கி வைத்துப் பேசினார்கள். ரொட்டிக் கடையில் மத்தியானம் அலுவலக ஆட்களின் வரிசை வாசலைத் தாண்டியது. ஆனால் யாரும் வந்து அவளிடம், நீ சொன்னது சரிதான் என்று சொல்லவில்லை. சொல்வார்கள் என்று அவள் காத்திருந்தாள் என்பதையும் யாரும் அறியவில்லை.

தம்பி மகள் படிப்பை முடித்ததும் அந்தக் காப்பீட்டு நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். அந்தச் செய்தி ஜன்னலம்மாவுக்குத் தரை வழியாகத்தான் வந்தது.

"அந்தப் பெட்டிக்குள்ள என் பொண்ணா?" என்று தம்பி கத்தினான்.

"ஊர விட்டுப் போகட்டுமாப்பா, இல்ல சதுக்கத்தத் தாண்டிப் போகட்டுமா? நீங்களே சொல்லுங்க."

மேலே ஜன்னலம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மருமகளின் மேஜை இரண்டாம் மாடியில் ஜன்னலோரமாக இருந்தது. தளத்துக்குத் தளம் ஒத்துப்போகும்படி கட்டியதால், அது ஜன்னலம்மாவின் சமையலறைக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் வந்துவிட்டது. சாயங்காலம் அங்கே விளக்குகள் எரியும்போது அவள் தெளிவாகத் தெரிவாள். முதல் வாரத்திலேயே ஒருநாள், வேலை முடிந்து எழுந்தவள் ஜன்னலருகே வந்து சிரித்துக்கொண்டே கையசைத்தாள். ஜன்னலம்மா திடுக்கிட்டுப் போனாள். பிறகு தானும் கையை உயர்த்தினாள். மறுநாளும் அப்படியே. அதன் பிறகு ஜன்னலம்மா தன் அலுவலகத்திலிருந்து வேறெங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்தாள். விளக்கைப் போடாமல், சமையலறை ஜன்னலில் நிற்பாள். கையசைத்தபின் அடுப்பைப் பற்றவைப்பாள். சாப்பாடு கொஞ்சம் இறங்கியது.

அவள் ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தில் காகிதக் கோப்பையில் ஏதோ குடிக்கக் கொடுத்தார்கள். நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். மறுநாள் மருமகள் படியேறி வந்தாள்.

"அத்தை, இவ்வளவு சண்டை போட்டு அந்தக் கட்டடத்தக் கொண்டாந்தீங்க. உள்ள வந்து பாத்திருக்கீங்களா?"

"எதுக்கு? வெளிய நின்னு பாத்ததே போதும்."

"வாங்கத்தை, நான் கூட்டிட்டுப் போறேன்."

சாயங்காலம் போனார்கள். வரவேற்பில் இருந்தவர், "யாரப் பாக்கணும்?" என்று கேட்டார். "என்னைத்தான்" என்று மருமகள் சொல்லி அழைத்துப் போனாள். மாடிப்படி நன்றாகத்தான் இருந்தது. கைப்பிடியைத் தடவிக்கொண்டே ஏறினாள். மருமகள் தன் நாற்காலியில் அவளை உட்கார வைத்தாள். அங்கிருந்து பார்த்தபோது சதுக்கம், மணிக்கூண்டு, ஈர ஓடுகள், அவர்களுடைய வீடு எல்லாம் ஒரு சட்டத்துக்குள் அடங்கின. அவள் தன்னுடைய சமையலறை ஜன்னலைத் தேடினாள். கிடைத்தது. ஆனால் அந்தப் பழைய கண்ணாடியில் வானந்தான் பளபளத்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆள் நின்றாலும் தெரியாது.

அதற்கு ஒரு தளம் கீழே, திறந்த ஜன்னலில் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"பாருங்கத்தை, நேரத்துக்கு வந்துட்டார். அப்பா தினமும் இந்நேரத்துக்குக் கடையிலிருந்து மேல வந்து அங்க நிப்பார். நான் கை காட்டுனப்புறந்தான் போவார். யார்கிட்டயும் சொல்லாதேன்னு எனக்கு உத்தரவு" என்று மருமகள் சிரித்துக்கொண்டே ஜன்னலருகே போய்க் கையசைத்தாள். தம்பியும் அசைத்தான். சிறு பிள்ளை மாதிரி முழங்கையைத் தூக்கி அசைத்தான்.

ஜன்னலம்மா நாற்காலியைச் சற்றே பின்னுக்கு நகர்த்தினாள், தன்னை அவன் பார்த்துவிடாதபடி.

"நல்ல வெளிச்சமா இருக்கும்மா இந்த எடம்" என்றாள்.

"ஆமாத்தை, எல்லாரும் இதுக்குத்தான் போட்டி."

மறுநாளும் ஜன்னலம்மா அதே நேரத்துக்குச் சமையலறைக்குள் வந்தாள். கை தானாக எழுந்தது, பாதியில் இறக்கிக்கொண்டாள். ஆனால் நின்றாள். நிற்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டு வருஷத்தில் மருமகளைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். வேறு ஊர், ரயிலில் ஒரு பகல் தூரம். போகிற அன்று கீழே ஒரே அழுகையும் பெட்டி இழுக்கும் சத்தமுமாக இருந்தது. அவள் மேலே வந்து அத்தையின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் பிறகும் சில சாயங்காலங்களில் கீழே தம்பி ஜன்னலைத் திறப்பது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மூடுவதும் கேட்டது. எதிரே அந்த மேஜையில் வேறொருவன் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஒருநாள் அவள் ரொட்டி வாங்கிக்கொண்டு படியேறும்போது தம்பி இறங்கி வந்தான். வழக்கம்போல ஒதுங்குவான் என்று அவளும் கைப்பிடியைப் பிடித்து நின்றாள். அவன் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எதுத்த கட்டடத்துச் சுவத்துல கறை எறங்குது. பாத்தியா?"

அவளுக்கு ஒரு கணம் யாரிடம் பேசுகிறான் என்றே புரியவில்லை.

"பாத்தேன்" என்றாள். "ஜன்னல் அடிக்கட்டையில தண்ணி சொட்டி விழுறதுக்கு ஒரு பள்ளம் விட்டிருக்கணும். வரைபடத்துல இருந்துச்சு. கட்டுறப்ப விட்டுட்டாங்க."

"ஒரு ஜன்னல்லயா? வரிசையா எல்லாத்துலயும் மூக்கு ஒழுகுன மாதிரி எறங்குது."

"எல்லாத்துலயும் இல்ல. மழை அடிக்கிற பக்கம் மட்டும்."

"என்னவோ போ" என்று இறங்கிப் போய்விட்டான்.

அவள் வீட்டுக்குள் வந்து ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவன் அந்தக் கட்டடத்தின்மீது ஏதாவது ஒரு குற்றத்தோடு வந்தான். தூணடியில் தரைக்கல் ஒன்று ஆடுகிறது. கண்ணாடி துடைக்கிறவர்கள் மூலையை விட்டுவிடுகிறார்கள். பகலிலேயே விளக்கு எரிகிறது, அதுவும் மட்டமான விளக்கு, கண்ணைக் குத்துகிறது. அவள் பதில் சொல்வாள். சில குற்றங்களை ஒப்புக்கொள்வாள், சிலவற்றுக்கு வாதாடுவாள். பலகையைப் பற்றியோ மண்டபத்தைப் பற்றியோ இருவரும் வாய் திறக்கவில்லை. பேச்சு படியில்தான், சில சமயம் அவள் வாசல் வரை. கீழேயிருந்து சாப்பிட வா என்று குரல் வரவில்லை. கிண்ணம் மட்டும் இப்போதெல்லாம் படியில் இருப்பதில்லை. தம்பி மனைவி கையில் கொடுத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்று போகிறாள்.

போன வாரம் அவன் மேலே வந்து கதவைத் தட்டினான்.

"அந்த ரெண்டாவது மாடிக்காரன் ஜன்னல் முழுக்கப் பேப்பர் ஒட்டி வெச்சிருக்கான். நீ பாத்தியா? அசிங்கமா இருக்கு."

"வெயில் மூஞ்சில அடிக்கும்டா. பாவம், என்ன பண்ணுவான்."

"திரை வாங்கிப் போடச் சொல்லு."

"நான் யாருடா சொல்றதுக்கு? நான் இப்ப வேலையில இல்ல."

அவன் தலையாட்டினான். கதவு நிலையில் கை வைத்தபடி, அவள் தோளுக்கு மேலாகச் சமையலறை ஜன்னலைப் பார்த்தான். மேஜையில் ஒரு தட்டு, ஒரு கோப்பை.

"உள்ள வாயேன்டா. தேத்தண்ணி போடறேன்."

"இல்லக்கா. கடை தொறந்து கெடக்கு."

அவன் இறங்கிப் போகும் சத்தம் கேட்கும் வரை வாசலில் நின்றாள். பிறகு போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். இரண்டு பேருக்கு வைத்துவிட்டதைக் கொதித்த பிறகுதான் கவனித்தாள்.